இன்டர்வியூவுக்கு என்ன டிரெஸ் போடுறது, டீச்சர்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. ஊரூர் ஒல்காட் குப்பத்துக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். பெசன்ட் நகர் பீச்சின் வடக்குக் கோடி அது. ஒரு பக்கம் தியசாஃபிகல் சொசைட்டியின் மதில், மறுபக்கம் கடல், கொஞ்ச தூரத்தில் அடையாறு முகத்துவாரம். காற்று வாங்க வருகிறவர்களில் பலர் ஷ்மிட் நினைவு மண்டபத்தோடு திரும்பிவிடுவார்கள். இன்னும் நாலு எட்டு வைத்தால் வலை காயும் மணலும் கரையேற்றிய படகுகளும் மீன் கூடைகளும் வந்துவிடும்.

எனக்குப் பல வருஷமாக மீன் தருகிற அம்மா ஒருவர் அங்கே இருக்கிறார். சங்கராவா, நெத்திலியா என்பதை என் முகத்தைப் பார்த்தே அவர் முடிவு செய்துவிடுவார். அன்றைக்கு அவர் தராசைத் தொடவே இல்லை.

"டீச்சரம்மா, பொண்ணுக்கு வர்ற வியாழக்கெழம இன்டர்வியூ. ஒரகடத்துல ஏதோ கம்பெனியாம். கோட்டு வேணுங்குறா. மூவாயிரத்து ஐநூறாம். ஷூ ஒரு ஆயிரம். தண்டல்காரர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். வாங்கலாமா, சொல்லுங்க."

தண்டல் கணக்கைக் கேட்டேன். கையில் 4,500 ரூபாய் வரும். நூறு நாளைக்குத் தினமும் 50 ரூபாய் கட்ட வேண்டும். கடலில் காற்று மாறி படகு இறங்காத நாளிலும் அந்த 50 ரூபாய் நிற்காது.

"இருங்க, பொண்ணை நான் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியை. முப்பது வருஷம் பொறியியல் மாணவர்களுக்குக் கணிதம் நடத்தியவள். இன்டர்வியூ மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் எனக்குத் தெரியும் என்று அந்த அம்மா நம்பினார்.

சாயங்காலம் அந்தப் பெண் வீட்டுக்கு வந்தாள். மெக்கானிக்கல் கடைசி வருஷம். முதல் பட்டதாரி சலுகையில் படிக்கிறவள். பாடத்தில் கேட்டால் படபடவென்று பதில் வருகிறது. உடை என்றதும் குரல் இறங்கிவிட்டது.

"எல்லாரும் பிளேசர்தான் டீச்சர் போடுவாங்க. நான் மட்டும் எப்படி..."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "எங்க வீட்டுத் துணியில மீன் வாசனை வருதா டீச்சர்? எனக்குத் தெரியல. பழகிடுச்சு. காலேஜ் பஸ்ல ஒரு தடவை ஒருத்தி மூக்கைப் பொத்துனா."

பிளேசர் எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வீட்டின் மேல் போர்த்த அவளுக்கு ஒரு துணி தேவைப்பட்டிருக்கிறது.

சீருடை இல்லாத முதல் நாள்

இந்தக் குப்பத்தின் பெயரில் இருக்கும் ஒல்காட், அமெரிக்காவிலிருந்து வந்து அடையாறில் தியசாஃபிகல் சொசைட்டியை வளர்த்த கர்னல் ஹென்றி ஸ்டீல் ஒல்காட். படிப்பு மறுக்கப்பட்ட ஏழைப் பிள்ளைகளுக்காக 1894-ல் அவர் தொடங்கிய இலவசப் பள்ளி இன்றும் இந்தப் பகுதியில் நடக்கிறது. இங்குள்ள பல வீடுகளின் படிப்பு இதுபோன்ற இலவசப் பள்ளிகளிலும் மாநகராட்சிப் பள்ளிகளிலும்தான் தொடங்குகிறது.

பள்ளி என்றால் சீருடை. காமராஜர் முதல்வராக இருந்த காலத்தில் மதிய உணவோடு சேர்ந்து பள்ளிகளுக்கு வந்தது அது. பணக்கார வீட்டுப் பிள்ளையும் ஏழை வீட்டுப் பிள்ளையும் ஒரே வரிசையில், ஒரே நிறத்தில் உட்கார வேண்டும் என்பதற்காக. பன்னிரண்டு வருஷம் அந்தச் சீருடை நம் பிள்ளைகளைக் காப்பாற்றிவிடுகிறது. கல்லூரியில் ஜீன்ஸும் குர்தியுமாக எப்படியோ ஓடிவிடுகிறது. இன்டர்வியூ அன்றைக்குத்தான், 'நீயே தேர்ந்தெடுத்துப் போட்டுக்கொண்டு வா, அதை வைத்தும் உன்னைப் பார்ப்போம்' என்று உலகம் முதன்முறையாகச் சொல்கிறது. வீட்டில் யாரும் இதுவரை அப்படி ஒரு அறைக்குள் போனதில்லை என்றால், பிள்ளை யாரைக் கேட்கும்?

'அறிவு இருந்தால் போதும்' என்பது யாருக்கு?

இப்படிக் கேட்டால் நம்மில் பலர் சட்டென்று சொல்லும் பதில், "டிரெஸ்ல என்னம்மா இருக்கு? அறிவு இருந்தா போதும்." கூடவே அப்துல் கலாமை இழுப்போம்.

'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தில் கலாம் சொல்லும் சம்பவம் பலருக்கு நினைவிருக்கும். 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி-3 ராக்கெட் வெற்றிகரமாகப் பறந்தது. அதன் பிறகு மும்பையில் இருந்த கலாமை, பிரதமர் இந்திரா காந்தியைச் சந்திக்க டெல்லிக்கு வரும்படி பேராசிரியர் சதீஷ் தவான் அழைக்கிறார். கலாமுக்குக் கவலை. சாதாரண உடை, காலில் செருப்பு. தவானிடம் சொன்னதும், வெற்றியையே அழகாக உடுத்தியிருக்கிறீர்களே, உடையைப் பற்றி என்ன கவலை என்று அவர் வேடிக்கையாகச் சொல்லி அனுப்பிவைத்தார்.

அழகான சம்பவம்தான். ஆனால் அதே புத்தகத்தில் இன்னொரு இன்டர்வியூவும் வருகிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படிப்பை முடித்த இளைஞர் கலாம், விமானப் படைத் தேர்வுக்காக டேராடூன் போகிறார். படிப்பறிவைவிட ஆளின் மிடுக்கையும் தோற்றத்தையுமே அந்தத் தேர்வுக் குழு அதிகம் பார்த்ததாக எழுதுகிறார். 25 பேரில் 8 பேருக்கு இடம். அவர் வந்தது ஒன்பதாவதாக.

டேராடூனுக்குப் போனதும் அதே மனிதர்தான், அதே அறிவுதான். செருப்போடு பிரதமரைப் பார்க்கப் போனபோது அவருக்குப் பின்னால் ஒரு ராக்கெட் இருந்தது. முதல் வேலைக்குப் போகிற பிள்ளைக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. ஆகவே அந்தப் பிள்ளையிடம் 'டிரெஸ் முக்கியமே இல்லை' என்று சொல்வது, ஏற்கெனவே கரை சேர்ந்தவர்கள் சொல்லும் ஆறுதல்.

அதற்காகக் கடன் வாங்கி பிளேசர் போட வேண்டும் என்று அர்த்தமில்லை. ஏன் என்று சொல்கிறேன். அதைச் சொல்ல, இத்தனை நாள் நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் போட்ட ஒரு கையெழுத்து

இருபது வருஷத்துக்கு முன்னால், ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் தேர்வு. நான்கு பேர் கொண்ட குழுவில் நானும் ஒருத்தி. ஒரு இளைஞர் வந்தார். முழுக்கைச் சட்டை, டை, ஷூ. பார்க்கக் குறையில்லை. ஒரு கணக்கைக் கொடுத்து, போர்டில் நடத்திக் காட்டச் சொன்னோம்.

எழுதக் கையைத் தூக்கினார். சட்டைக் கை பெரிது. விரல் வரை வந்து விழுந்தது. இழுத்துவிட்டார். மறுபடி விழுந்தது. நடக்கும்போது காலை ஒரு மாதிரி இழுத்து வைத்தார். நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டார். பிறகு அவரே கண்டுபிடித்துத் திருத்தினார். ஆனால் அதற்குள் குரல் தடுமாறிவிட்டது. 'தன்னம்பிக்கை போதாது' என்று குறித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்த்தேன். ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்து, சாக்ஸில் ரத்தம். என்னைப் பார்த்ததும் வெறுங்காலோடு எழுந்து நின்று வணக்கம் சொன்னார். "ஃபிரெண்டோட ஷூ மேடம். ஒரு சைஸ் சின்னது" என்றார். சட்டையும் நண்பருடையதாகத்தான் இருக்கும். அது ஒரு சைஸ் பெரிது.

தடுமாறியது அவர் கணக்கோ நம்பிக்கையோ அல்ல, கால் வலி. அதை நான்தான் தப்பாகப் படித்துவிட்டேன். திரும்பிப் போய் அந்தத் தாளைத் திருத்தியிருக்கலாம். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அன்றிலிருந்து இன்டர்வியூ உடை பற்றி எனக்கு ஒரே ஒரு விதிதான்: உள்ளே போனதும் அது உங்களுக்கே மறந்துபோக வேண்டும். இழுத்துவிட, சரிசெய்ய, வலியைப் பொறுக்க வைக்கிற எதுவும், எத்தனை விலை கொடுத்ததாக இருந்தாலும், நல்ல உடை அல்ல. இரவல் பிளேசரும் கடன் பிளேசரும் இதில்தான் அடிபடுகின்றன. சென்னை வெயிலில், பஸ்ஸில், பழக்கமில்லாத ஒரு கோட்டை வாழ்க்கையில் முதன்முறையாகப் போட்டுக்கொண்டு போகிற பிள்ளைக்கு, கேள்வியைவிடக் கோட்டுதான் ஞாபகத்தில் இருக்கும்.

அப்பா சொன்ன பாடம்

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் அப்பா வலை பின்னிக்கொண்டிருந்தார். நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், தலை நிமிராமல் சொன்னார்: "கடலுக்குப் போறவன் தொங்குறதா ஒண்ணும் போட மாட்டான் டீச்சர். தொங்குறது வலையில மாட்டும். வலையோட ஆளும் போவான்."

தொழிற்சாலைக்கும் அதே சட்டம்தான். பேச்சுக்குச் சொல்லவில்லை. ஓடுகிற இயந்திரத்தின் பக்கத்தில் வேலை செய்கிறவர் உடம்போடு ஒட்டிய உடை அணிய வேண்டும், அதை நிர்வாகமே தர வேண்டும் என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், அம்பத்தூர் பக்கம் இன்டர்வியூ என்றால், பேசி முடித்ததும் ஷாப் ஃப்ளோருக்குக் கூட்டிப்போகவும் வாய்ப்பு உண்டு. அங்கே டை, தொங்கும் காதணி, வளையல், காற்றில் பறக்கும் துப்பட்டா எல்லாம் தொல்லை. விரல் மூடிய தட்டையான ஷூ, கட்டிய தலைமுடி, மணிக்கட்டோடு நிற்கிற கை, இவ்வளவு போதும். பார்க்கிற இன்ஜினீயருக்கு 'இந்தப் பொண்ணுக்கு மெஷின் தெரியும்' என்று ஒரு வார்த்தை பேசாமலே புரிந்துவிடும்.

ஆக, 'எந்த டிரெஸ் நல்லது' என்று கேட்பதைவிட, 'அந்த வேலையை எந்த டிரெஸ்ஸில் செய்வார்கள்' என்று கேளுங்கள். அதைவிட ஒரு படி மட்டும் சுத்தமாக, நேர்த்தியாகப் போங்கள்.

சாஃப்ட்வேர் வேலைக்கு: அழைப்பு மெயிலை முழுசாகப் படியுங்கள். 'ஃபார்மல்ஸ்' என்று போட்டிருந்தால் முழுக்கைச் சட்டை, பேன்ட், ஷூ. பெண்களுக்குச் சுடிதார், குர்தி, புடவை, பேன்ட்-சட்டை எதுவானாலும் சரி. 'ஸ்மார்ட் கேஷுவல்ஸ்' என்றால் காலர் வைத்த சட்டை போதும், டை வேண்டாம். ஒன்றும் போடவில்லையா? ஃபார்மல்ஸிலேயே போங்கள். கல்லூரி பிளேஸ்மென்ட் செல் தனியாக ஏதாவது சொல்லியிருந்தால் அதுதான் முதல்.

ஆசிரியர் வேலைக்கு: டெமோ கிளாஸ் நிச்சயம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சுவரில் ஒரு சாக்பீஸ் உயரத்தைக் குறித்து, கையைத் தூக்கி எழுதிப் பாருங்கள். சட்டை வெளியே வருகிறதா? பிளவுஸ் இழுக்கிறதா? கீழே விழுந்த டஸ்டரை எடுப்பதுபோல் குனியுங்கள். திரும்பி நில்லுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருங்கள். இந்த நாலிலும் எதையும் சரிசெய்யத் தோன்றவில்லை என்றால் அதுதான் உங்கள் உடை. வகுப்பறையில் முதுகைத்தான் பாதி நேரம் பார்ப்பார்கள். ஆகவே பின்பக்கமும் அயர்ன் செய்யுங்கள்!

ஆராய்ச்சிப் படிப்புக்கு: நம் குப்பத்திலிருந்து சில கிலோமீட்டரில் ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம், தரமணி ஆராய்ச்சி நிறுவனங்கள் எல்லாம் இருக்கின்றன. அங்கே நேர்காணலில் பேராசிரியர்களே சாதாரணச் சட்டையில்தான் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பார்கள். சுத்தமான, நன்றாகப் பொருந்தும் சாதாரண உடை போதும். உங்களைப் போர்டுக்கு அனுப்பி, கணக்கைப் போடச் சொல்வதில்தான் அவர்கள் கண் இருக்கும்.

அரசு அலுவலகம் சார்ந்த வேலைக்கு: 2019-ல் தமிழக அரசு தலைமைச் செயலக ஊழியர்களுக்குச் சொன்ன உடை நல்ல அளவுகோல். பெண்களுக்குப் புடவை, அல்லது துப்பட்டாவோடு சல்வார், சுடிதார். ஆண்களுக்குப் பேன்ட்-சட்டை, அல்லது வேட்டி.

வேட்டி கட்டலாமா? பொட்டு வைக்கலாமா?

வேட்டி பற்றி வாசகர்கள் அவ்வப்போது கேட்பதுண்டு. 2014-ல் சென்னையில் ஒரு கிளப், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடாமல் திருப்பி அனுப்பியது. பெரிய சர்ச்சையாகி, அந்த வருஷமே வேட்டிக்குத் தடை போடக் கூடாது என்று தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது. இஸ்ரோ தலைவராக இருந்த கே.சிவன், நாகர்கோவில் பக்கத்துக் கிராமத்துக்காரர். கல்லூரி வரை வேட்டிதான், எம்.ஐ.டி.யில் சேர்ந்தபோதுதான் முதன்முதலாக பேன்ட் போட்டேன் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆகவே வேட்டியில் குறைவு ஒன்றுமில்லை. தினமும் கட்டிப் பழகியவர் என்றால் ஆசிரியர் நேர்காணலுக்குத் தாராளமாகக் கட்டலாம். அன்றைக்கு மட்டும் புதிதாகக் கட்டிப் பார்க்க வேண்டாம். தொழிற்சாலை என்றால் பேன்ட்தான். காரணம் மெஷின்.

பெண்களுக்கு 'இன்ஜினீயர் மாதிரி தெரியணும்' என்று ஒரு கவலை இருக்கிறது. இன்ஜினீயர் எப்படித் தெரிவார்? கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940-களில் மின் பொறியியல் முடித்த ஏ.லலிதாவுக்குக் கொடுத்த சான்றிதழில் ஆண்பாலில் அச்சடித்திருந்ததை அடித்துத் திருத்திக் கொடுத்தார்களாம். ஒரு பெண் வந்து வாங்குவாள் என்று அந்தத் தாளை அச்சடித்தவர்கள் நினைக்கவே இல்லை. 2014 செப்டம்பரில் மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய அன்று, பெங்களூரு இஸ்ரோவில் பட்டுப்புடவையும் தலையில் பூவுமாகப் பெண்கள் மகிழ்ந்து நின்ற புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. பொட்டு, பூ, திருநீறு, ஹிஜாப், சிலுவை என்று எது உங்களுக்குத் தினமும் உள்ளதோ, அது அன்றைக்கும் இருக்கட்டும். புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம், இருப்பதை மறைக்கவும் வேண்டாம்.

அந்த வாசனை

இப்போது அந்தப் பெண் கதவைப் பார்த்துக்கொண்டே கேட்ட கேள்விக்கு வருகிறேன். 'அதெல்லாம் இல்லம்மா' என்று பொய் சொல்லி அனுப்ப மனசில்லை. மீன் கூடை வைக்கிற ஒற்றை அறை வீட்டில் துணியில் வாசனை ஏறத்தான் செய்யும். சாம்பார் வைக்கிற வீட்டில் பெருங்காய வாசனை ஏறுவதுபோல. அதில் வெட்கத்துக்கு இடமில்லை, வேதியியலுக்குத்தான் இடம்.

மீன் வாசனைக்கு முக்கியக் காரணம் டிரைமெத்திலமின் என்கிற பொருள். அது காரத்தன்மை உள்ளது. புளிப்பு பட்டால் உப்பாக மாறிவிடும், பிறகு காற்றில் பரவாது. மீன் குழம்பில் நம் பாட்டிகள் புளியைக் கரைத்து ஊற்றுவதிலும், கை கழுவ எலுமிச்சை எடுப்பதிலும் இருப்பது இதுதான். துணிக்குப் புளி ஆகாது, கறை பிடிக்கும். வெள்ளை வினிகர் போதும்.

முதலில் பச்சைத் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். வெந்நீர் வேண்டாம். அரை பக்கெட் தண்ணீரில் அரை டம்ளர் வினிகர் ஊற்றி, துணியை அரை மணி நேரம் ஊற வையுங்கள். பிறகு வழக்கம்போல சோப்பு போட்டுத் துவைத்து வெயிலில் காய வையுங்கள், கருவாடு காயாத பக்கமாக. ஒரு எச்சரிக்கை: வினிகரோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே கூடாது, விஷ வாயு கிளம்பும்.

காய்ந்த துணியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகாமல் நேராகத் தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுங்கள். 'காலையில வந்து வாங்கிக்கிறேன் அண்ணா' என்றால் எந்த இஸ்திரிக்காரரும் மறுக்க மாட்டார். கடற்கரைக் காற்றின் ஈரத்தில் வீட்டு ஆணியில் மாட்டிய துணி விடிவதற்குள் கசங்கிவிடும். அந்தப் பிரச்னையும் தீர்ந்தது. சென்ட் அடித்து மறைக்கப் பார்க்காதீர்கள். மூடிய ஏ.சி. அறையில் அதுதான் முதலில் மூக்கைத் துளைக்கும்.

கால், வேர்வை, செல்போன்

ஷூவை இரவல் வாங்காதீர்கள். சட்டையைக்கூட ஊசி போட்டுச் சரிசெய்யலாம், ஷூவை முடியாது. நம் அடையாறிலேயே இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கால்களை அளந்து பார்த்தது. நம் கால்கள் அகலமானவை. வெளிநாட்டு அளவில் செய்த ஷூ அகலத்தில் பிடிக்கும், அதனால் பலர் நீளம் கூடுதலான ஷூவை வாங்கிப் போடுகிறார்கள். இந்தியக் கால்களுக்காகவே 'பா' என்ற பெயரில் ஒரு தனி அளவு முறையை அவர்கள் முன்மொழிந்திருக்கிறார்கள். அது கடைக்கு வரும்வரை நம் கால்தான் அளவுகோல். சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். வாங்கிய அன்றிலிருந்து தினம் அரை மணி நேரம் போட்டு நடங்கள்.

வேர்வை: சாம்பலும் வெளிர் நீலமும் வேர்வை ஈரத்தைப் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். வெள்ளையும் அடர் நீலமும் மறைக்கும். முழுப் பருத்தி குளிர்ச்சிதான், ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து இறங்கினால் கசங்கிவிடும். பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணி நல்ல சமரசம். முடிந்தால் அரை மணி நேரம் முன்னதாகப் போய், முகம் கழுவி, வேர்வை அடங்க உட்காருங்கள்.

செல்போனில் இன்டர்வியூ என்றால் பொடிக் கட்டமும் நெருக்கக் கோடும் போட்ட சட்டை வேண்டாம், கேமராவில் அலையடிக்கும். ஒரே நிறச் சட்டை போதும். ஜன்னலுக்கு முகம் காட்டி உட்காருங்கள். மேலே சட்டை, கீழே கைலி என்று இருந்துவிடாதீர்கள். சார்ஜரை எடுக்க எழுந்த ஒருவரின் கைலியை நானே பார்த்திருக்கிறேன்!

565 ரூபாய்

அந்தப் பெண்ணிடம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் தீபாவளிக்கு எடுத்த அடர் நீலக் குர்தி ஒன்று இருந்தது. கொஞ்சம் தொளதொள. தையல்காரர் பக்கமும் கையும் பிடித்துத் தர 60 ரூபாய். தி.நகரில் கறுப்பு ஷூ 450. வினிகர் 40. இஸ்திரி 15. மொத்தம் 565 ரூபாய். வெள்ளைத் துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்திக்கொண்டாள். என் வீட்டுக் கூடத்தில் நடந்து, உட்கார்ந்து, குனிந்து காட்டினாள். தண்டல்காரருக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

என்னிடம் உட்கார்ந்து கேட்க ஒருத்தி வந்தாள். வராதவர்கள் எத்தனை பேர்? 1990-களில் நியூயார்க்கில் நான்சி லப்ளின் என்கிற சட்டக் கல்லூரி மாணவி, தனக்கு வந்த 5,000 டாலரை வைத்து, இன்டர்வியூவுக்குப் போகும் ஏழைப் பெண்களுக்கு நல்ல உடை கொடுக்கும் அமைப்பைத் தொடங்கினார். அது இன்று பல நாடுகளில் இருக்கிறது. அதே நகரில் ஒரு பொது நூலகம் 2018-ல் புத்தகத்தைப்போல டை, கைப்பை, பிரீஃப்கேஸ் எல்லாம் இரவல் தரத் தொடங்கியது. நம் அபார்ட்மென்ட் சங்கத்திலோ, கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்திலோ ஒரு அலமாரியில் இதைச் செய்ய முடியாதா? பல அளவுகளில் துவைத்து அயர்ன் செய்த பத்துச் சட்டை, பத்துக் குர்தி, பக்கத்தில் ஒரு தையல் மெஷின். இரவல் என்றாலும், முன்கூட்டியே போட்டுப் பார்த்து, அளவுக்குப் பிடித்துக் கொடுத்தால் அது யாரையும் தடுமாற வைக்காது.

தேர்வுக் குழுவில் உட்காரும் வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அழைப்புக் கடிதத்தில் என்ன உடை என்று ஒரு வரி சேருங்கள். 'பிளேசர் தேவையில்லை' என்ற அந்த ஒரு வரி, எங்கோ ஒரு வீட்டில் நூறு நாள் தண்டலை மிச்சப்படுத்தும். ஒரு பிள்ளை போர்டு முன்னால் தடுமாறினால், குறிப்பு எழுதுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுங்கள். நான் செய்யாமல் விட்டது அதுதான்.

அடுத்த சனிக்கிழமை மீன் வாங்கப் போனேன். அம்மா கடம்பாவைச் சுத்தம் செய்துகொண்டே சொன்னார்: "மூணு பேர் இருந்தாங்களாம். கியர் பத்தியே கேட்டாங்களாம். அப்பறம் மெஷினாண்ட கூட்டினு போனாங்களாம். இவ துப்பட்டாவ எடுத்துப் பைக்குள்ள வெச்சுட்டுப் போனாளாம். டிரெஸ் பத்தி யாரும் ஒண்ணும் கேக்கல."

ரிசல்ட் இன்னும் வரவில்லை. வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த பெண் கேட்டாள்: "டீச்சர், அடுத்த வாரம் இன்னொரு கம்பெனி வருது. அதே டிரெஸ்ஸைப் போடலாமா?"

"போடலாம். துவைச்சு, இஸ்திரிக்காரர்கிட்ட கொடுத்துடு."